பதினெட்டுக் கிலோ உருளைக்கிழங்கு

எங்கள் மலையூர் தூசிஸில் கவ்டென்ஸ் புக்லியைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். அதில் பாதி கட்டுக்கதை. நான் சொல்வதில் கட்டியது எதுவும் இல்லை. கொஞ்சம் கோபம் இருக்கும், அதற்கு நான் பொறுப்பு. இருபத்தாறு வருடமாக ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தால் மனிதர்களைப் பற்றிக் கொஞ்சம் தெரியத்தான் செய்யும்.

புக்லி முப்பத்தைந்து வருடம் கணவாய்ச் சாலையில் பனி அகற்றும் வண்டி ஓட்டினார். முதல் பஸ் மேலே ஏறுவதற்குள் சாலை திறந்திருக்க வேண்டும். அவர் ஐந்து நிமிடம் பிந்தினால் பள்ளிப் பிள்ளைகள், பால் வண்டி, பிரசவத்துக்குப் போகிறவள் என்று ஊரே பிந்தும். ஊரார் போக வழி திறந்துவிட்டவர், குளிர்காலத்தில் ஒரு நாள்கூடத் தன் வீட்டில் காலை ரொட்டி சாப்பிட்டதில்லை. நிமிடக் கணக்கு அவர் ரத்தத்தில் ஊறிவிட்டது. அதைக் குறை சொல்லவும் முடியாது, கூட இருந்து தாங்கவும் முடியாது.

பனி உருகியதும் வருடத்துக்கு ஒரு முறை குடும்பத்தோடு ரயில் பயணம் போவார்கள். அவர், மனைவி மெங்கா, ஒரே மகள் லதீனா. கட்டம் போட்ட நோட்டில் எல்லாம் எழுதியிருக்கும். எந்த பிளாட்பாரம், எந்தப் பக்க ஜன்னல், எந்த மலைக்கு முன்னால் சாண்ட்விச்சைப் பிரிப்பது என்பது வரை. ஒரு தடவை கோஷனன் ஸ்டேஷனில் வண்டி மாறும்போது மெங்கா கழிப்பறைக்குப் போனாள். திரும்பி வருவதற்குள் வண்டி வந்துவிட்டது. இவர் மகளைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டார்! கேட்டால், "அவ அடுத்த வண்டில வருவா. மணிக்கு ஒண்ணு இருக்கே" என்றாராம். குழந்தை அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் அழுதது. மெங்கா இதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். லதீனா சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

லதீனா இருபத்திரண்டு வயதில் கனடாவுக்குப் போனாள். கால்கரியில் பனிச்சறுக்கு கற்றுக்கொடுக்கும் வேலை. ஒரு சீசனுக்குப் போனவள் அங்கேயே கல்யாணம் பண்ணிக்கொண்டாள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் மெங்கா இறந்தபோது கைக்குழந்தையோடு வந்து நான்கு நாள் இருந்துவிட்டுப் போனாள். அந்தக் குழந்தை ஆர்லோ. அதற்குப் பிறகு பிறந்த டெஸ்ஸாவைத் தாத்தா போட்டோவில் பார்த்ததோடு சரி.

புக்லி வீட்டுச் சமையலறைச் சுவரில் இரண்டு கடிகாரம் உண்டு. ஒன்றில் நம் நேரம், இன்னொன்றில் கால்கரி நேரம், எட்டு மணி நேரம் பின்னால். ஞாயிற்றுக்கிழமை நம் நேரம் நாலு அடித்ததும் போன் போடுவார். அங்கே காலை எட்டு. அதற்கு முன்னால் போட்டால் பிள்ளைகள் தூங்குமாம். ஞாயிறு மூன்று மணியிலிருந்து அவர் எதையும் செய்ய மாட்டார், அந்த இரண்டாவது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இதை அவரே ஒருநாள் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார். அந்த வீட்டில் வேறு சத்தம் கிடையாது.

ஓய்வு பெற்ற அன்று என்னிடம்தான் வருட பாஸ் எடுத்தார். நாட்டில் எந்த ரயிலிலும் எந்த நேரமும் ஏறலாம். "எங்க போகப் போறீங்க, ஹெர் புக்லி?" என்று கேட்டேன். எங்கள் பழக்கத்தில் அவர் எனக்கு ஹெர் புக்லி, நான் அவருக்கு ஃப்ராவ் ஹோசாங்; ஐயா, அம்மா என்கிற மாதிரி. "எங்கயும் இல்ல. இருக்கட்டும்" என்றார்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் நவம்பரில் ஒருநாள் அந்தப் பழைய மாதிரி நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து கவுண்டரில் விரித்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"லதீனா வர்றா. ஜூலைல. பிள்ளைங்களோட."

"அடேயப்பா! சொல்லிட்டாளா?"

"வாயேன்னு கேட்டேன். பாக்கலாம்ப்பான்னா."

பாக்கலாம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். இவர் ஒருத்தருக்குத்தான் அது உறுதியான டிக்கெட். நான் வாயைத் திறக்கவில்லை. அப்போதே திறந்திருக்கலாம்.

எட்டு நாள் பயணம். எங்கள் ஊரில் ஏறி, வளைந்து போகும் அந்தக் கல் பாலத்தைத் தாண்டி, பெர்னினா உச்சிக்குப் போய், இத்தாலி எல்லையைத் தொட்டுத் திரும்பி, ஓபரால்ப் கணவாய் வழியாக மேற்கே இறங்கி, ஆறாம் நாள் லோசான் ஏரிக்கரை. பாலத்துக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்தால் முன் பெட்டிகள் வளைவது தெரியும் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. 'ஆர்லோ ஜன்னல்' என்று ஒரு தனிப் பத்தி. 'டெஸ்ஸா சிறுநீர்' என்று இன்னொரு பத்தி. நான் சிரித்துவிட்டேன்.

"சிரிங்க. கோஷனன்ல நடந்தது மறுபடி நடக்கக் கூடாது, அதான்" என்றார். அப்போதுதான் தெரிந்தது, மனிதர் அதை மறக்கவே இல்லை.

வாரா வாரம் வந்தார். சூர் ஊருக்குப் போகிறவர்கள் பின்னால் வரிசையில் நிற்க, நானும் அவரும் சண்டை போடுவோம்.

"லோசான்ல ஆறு நிமிஷம்தான் விட்டிருக்கீங்க. ரெண்டு குழந்தைங்கள இழுத்துக்கிட்டு, பெட்டியும் தூக்கிக்கிட்டு எப்படி மாறுவா? அடுத்த வண்டியப் போடுங்க."

"அடுத்த வண்டியப் போட்டா ஏரில வெயில் போயிடும்."

"வெயில் போனா போகுது, ஹெர் புக்லி! பிள்ளை விழுந்து முட்டியப் பேத்துக்கிட்டா?"

"சரி, நடந்து பாத்துட்டு வந்து சொல்றேன்."

நடந்துதான் பார்த்தார். வருட பாஸ் அப்போதுதான் பயன்பட்டது. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அந்தத் திட்டத்தில் இருந்த ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் போய், வண்டி மாறி, கடிகாரம் வைத்து அளந்தார். வெறுங்கையோடு இல்லை. டெஸ்ஸாவின் எடை எவ்வளவு என்று போனில் கேட்டு, பதினெட்டுக் கிலோ உருளைக்கிழங்கை ஒரு முதுகுப் பையில் கட்டிக்கொண்டு போனார். அவள் களைத்துப் போனால் தான்தானே தூக்க வேண்டும்! ஊர் முழுக்கச் சிரித்தது. ரொட்டிக்கடைக்காரி அவர் முதுகில் தட்டி, "பேத்தி தூங்குறாளா நேனி?" என்பாள். எங்கள் பக்கத்தில் தாத்தாவை நேனி என்போம். அவரும் பையைத் திரும்பிப் பார்த்து, "இப்பதான் கண்ணசந்தா, சத்தம் போடாத" என்பார். அந்தக் குளிர்காலத்தில்தான் அவர் தமாஷ் பண்ணுவார் என்பதே எங்களுக்குத் தெரிந்தது.

மார்ச் கடைசியில் லோசானிலிருந்து வந்து நேராக என்னிடம் நின்றார். மூச்சு வாங்கியது.

"நாலு நிமிஷம் பத்து செகண்டு. பைய எறக்கி வெச்சு ஒரு நிமிஷம் ஏரியக்கூடப் பாத்தேன். ஆறு நிமிஷம் தாராளம், ஃப்ராவ் ஹோசாங்."

"சரி, நீங்க ஜெயிச்சீங்க. கிழங்க என்ன பண்ணப் போறீங்க?"

"திங்க வேண்டியதுதான். ஒண்டி ஆளுக்கு ஒரு மாசம் வரும்."

ஏப்ரலில் பாஸ் எடுக்க வேண்டி வந்தது. வெளிநாட்டில் குடியிருப்பவர்களுக்கு என்று தனி ரயில் பாஸ் இருக்கிறது. எட்டு நாள் ரயில், பஸ், படகு எல்லாம் செல்லும். பெற்றோரோடு வரும் பிள்ளைகளுக்கு இலவசம். உள்ளூர்க்காரர்களுக்கு அது கிடையாது. அதைத்தான் நான் சொன்னேன். அவருக்கு முகம் சுருங்கியது.

"என் மக வெளிநாட்டுக்காரியா? இந்தத் தண்டவாளத்துப் பக்கத்துல பொறந்தவ."

"எங்க பொறந்தான்னு கேக்கல. எங்க குடியிருக்கான்னுதான் கேக்குறாங்க. சல்லிசா வருது, பேசாம வாங்குங்க."

பாஸ்போர்ட் எண், கால்கரி விலாசம் எல்லாம் வேண்டும். அவரிடம் ஒரு பழைய கிறிஸ்துமஸ் அட்டையில் மகளின் மின்னஞ்சல் முகவரி இருந்தது. நானே எழுதிக் கேட்டேன். ஒரு வாரம் பதில் இல்லை. இரண்டு வாரம் இல்லை. இவர் தினமும் வந்து கண்ணாடியைத் தட்டினார். மூன்றாவது வாரம் ஒரு வியாழக்கிழமை கவுண்டர் போன் அடித்தது. நம் நாட்டு எண்.

"நான் லதீனா. புக்லியோட பொண்ணு." குரல் தாழ்ந்திருந்தது. "அந்தப் பாஸ எனக்குப் போடாதீங்க. எனக்கு அது செல்லாது."

"ஏன் செல்லாது? கனடாவுல இருந்தா தாராளமா..."

"நான் கனடாவுல இல்ல. லோசான்ல இருக்கேன்."

"லோசான்லயா? எப்போ வந்தீங்க?"

"பதினாலு மாசம் ஆச்சு."

போனில் அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் பிரெஞ்சில் கத்திக்கொண்டிருந்தன.

புருஷனோடு முறிந்துவிட்டதாம். இரண்டு பெட்டியும் இரண்டு பிள்ளைகளுமாக வந்து, லோசானில் ஒரு பள்ளியில் வேலை தேடிக்கொண்டாள். ஸ்டேஷனிலிருந்து மேட்டில் பத்து நிமிடம் நடந்தால் வீடு. அப்பாவிடம் சொல்லவில்லை. பழைய கனடா எண்ணை மட்டும் விடாமல் வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அது அடிக்கும். "குட் மார்னிங், நேனி" என்று சொல்லப் பிள்ளைகளைப் பழக்கியிருந்தாள்.

நான் வெடித்துவிட்டேன். "உங்களுக்கு மனசு இருக்கா? அந்த மனுஷன் உங்க பொண்ணு எடைக்கு உருளைக்கிழங்கச் செமந்துக்கிட்டு ஊர் ஊராப் போறாரு!"

"தெரியும். அவரே சொன்னாரு. அன்னிக்கு ராத்திரி தூங்கல நான்." பிள்ளைகளை அதட்டிவிட்டுத் திரும்பப் பேசினாள். "சொல்லியிருந்தா அடுத்த வண்டில வந்து நின்னிருப்பாருங்க. நோட்டோட. எத்தன மணிக்கு எழுந்திரிக்கணும், எத்தன மணிக்கு அழுது முடிக்கணும்னு எழுதிக் குடுத்திருப்பாரு. நான் நொறுங்கிப் போய் வந்திருந்தேன். கொஞ்ச நாள் யாரும் அவசரப்படுத்தாம கெடக்கணும்னு இருந்துச்சு. ஒரு வாரம்னுதான் நெனச்சேன். ஒரு வாரம் சொல்லலைன்னா அடுத்த வாரம் எப்படிச் சொல்றது? நீங்களே சொல்லுங்க."

அவள் கேட்டது நியாயம்தான். அதற்காகக் கோபம் போய்விடவில்லை.

"பாஸ் தீந்து போச்சுன்னு ஏதாவது சொல்லிடுங்களேன்" என்றாள்.

"பாஸ் எப்படித் தீரும், அதென்ன ரொட்டியா? நான் பொய் சொல்ல மாட்டேன். ஞாயித்துக்கிழம அவரு போன் பண்ணுவாரு. நீங்க சொல்லுங்க. இல்லேன்னா திங்கக்கிழம அவரு இங்க வந்து நிக்கும்போது நான் சொல்லிடுவேன்."

அவர் வெள்ளிக்கிழமையும் வந்தார். "பதில் வந்துச்சா?" என்று கேட்டார். "ஞாயித்துக்கிழம அவகிட்டயே கேளுங்க" என்றேன். நல்ல யோசனை என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை அவர் வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை, கூட்டம் போன பிறகு வந்தார். நோட்டு இல்லை. வழக்கமாகக் கண்ணாடியைத் தட்டுவார், அன்று சும்மா நின்றார்.

"உங்களுக்குத் தெரியும், இல்லையா?"

"தெரியும், ஹெர் புக்லி. வியாழக்கிழமைலேருந்து."

"நல்லவேளை, நீங்களாவது இப்ப மூடி மறைக்கல." கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டார். "நாலேகால் மணி நேரம். சூர்ல ஒரு மாத்தம், சூரிச்ல ஒரு மாத்தம். மணிக்கு ஒரு வண்டி. பதினாலு மாசம் என் ஜன்னலுக்குக் கீழ மணிக்கு ஒண்ணு போயிருக்கு, ஃப்ராவ் ஹோசாங். பாஸ் சட்டப்பையிலயே இருந்துச்சு."

திரையில் திறந்து வைத்திருந்த பாஸ் படிவத்தை மூடினேன்.

"மார்ச்ல அங்க பைய எறக்கி வெச்சுட்டு ஏரியப் பாத்தேன்னு சொன்னேன்ல? முதுகுக்குப் பின்னால மேடு. அந்த மேட்டுலதான் வீடாம். நான் திரும்பிக்கூடப் பாக்கல. மணியத்தான் பாத்தேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பதினெட்டுக் கிலோ கிழங்க முதுகுல வெச்சுக்கிட்டு. பிள்ளை பத்து நிமிஷத்துல இருந்திருக்கு."

அழுதார். கவுண்டரில் எல்லோர் முன்னாலும், நின்றபடி, சத்தமில்லாமல். எங்கள் ஊரில் யாரும் அப்படிச் செய்வதில்லை. பின்னால் ஒரு அம்மாள் டிக்கெட்டுக்கு வந்தாள். மெஷினில் எடுத்துக்கொள்ளச் சொல்லி நான் அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

"அவ என்ன சொல்றா?" என்று கேட்டேன்.

"மன்னிச்சிடுப்பான்னா. இப்ப வராதீங்க, நான் கூப்பிடுறேன், கூப்பிட்டதும் வாங்கன்னா."

"எப்போ கூப்பிடுவாளாம்?"

"கேக்கல."

எந்த மாதம், எந்தத் தேதி என்று கேட்காமல் ஒரு பதிலை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார் புக்லி! அவர் வாழ்நாளில் முதல் தடவையாக இருக்கும். பிறகு நிமிர்ந்து, "உள்ளூர்ப் பிள்ளைங்களுக்குன்னு ஒரு கார்டு இருக்குமே, தாத்தாவோட போனா வருஷம் பூரா காசு இல்லாம?" என்றார். இருக்கிறது. ஆறு வயதிலிருந்து பதினாறு வயது வரைக்கும் செல்லும்; ஆறுக்குக் கீழே கார்டே தேவையில்லை, இலவசம். "ஆர்லோவுக்கு ஒண்ணு போடுங்க. டெஸ்ஸாவுக்கு இன்னும் ஆறு முடியல, வேண்டாம்." பிறந்த தேதியை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கார்டை வாங்கி, வருட பாஸுக்குப் பின்னால் செருகிக்கொண்டார்.

ஜூலை பன்னிரண்டு வந்தது. திட்டப்படி முதல் நாள். காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு பிளாட்பாரத்துக்கு வந்து நின்றார். முதுகில் பை இல்லை. மலைக்குப் போகும் வண்டி வந்தது, நின்றது, கிளம்பியது. இவர் ஏறவில்லை. கடைசிப் பெட்டி வளைவில் மறையும் வரைக்கும் பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். ரொட்டிக்கடைக்காரிகூட அன்று எதுவும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும் நிற்கவில்லை. இப்போதும் நாலு மணிக்குத்தான் போடுவார், அந்த நேரத்துக்கு எல்லாரும் பழகிவிட்டார்களாம். "கால்கரி கடிகாரத்த என்ன பண்ணீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "எட்டு மணி நேரம் தள்ளி வெச்சேன். ரெண்டும் ஒண்ணையே காட்டுது. ஒண்ணக் கழட்டிடலாம்தான்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார். இன்னும் கழற்றவில்லை என்பது எனக்குத் தெரியும்.

இந்த ஏப்ரலில் வந்தார். பழைய கார்டைக் கவுண்டரில் வைத்தார். மடங்காமல், அழுக்குப் படாமல், நான் கொடுத்த அன்று இருந்த மாதிரியே இருந்தது. ஒரு தடவைகூட யாரும் பார்த்துச் சோதிக்காத கார்டு.

"புதுப்பிக்கணும். இந்தத் தடவ ரெண்டு. டெஸ்ஸாவுக்கு ஆறு முடிஞ்சிருச்சு."

எனக்குப் பொறுமை போயிற்று. "ஹெர் புக்லி, ஒரு வருஷமாச்சு! இன்னும் எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கீங்க? இன்னும் பன்னெண்டு நிமிஷத்துல வண்டி. ஏறிப் போய்க் கதவத் தட்டுங்க. கொன்னா போடப் போறா?"

அவர் தண்டவாளத்தின் பக்கம் திரும்பினார்.

"சின்ன வயசுலேருந்து அவள அவசரப்படுத்தியேதான் வளத்தேன். ஷூ கயிறு கட்டுறதுக்குள்ள நாலு தடவ மணி சொல்லுவேன். அவ அம்மாவையே விட்டுட்டு வண்டி ஏறுனவன் நான். இது ஒண்ணுலயாவது அவ நேரத்துக்கு விடலாம்னு பாக்குறேன்." பிறகு, என்னைச் சமாதானப்படுத்துவது போல, "ஆர்லோவுக்குப் பதினாறு ஆக இன்னும் ஆறு வருஷம் இருக்கு" என்றார்.

நான் திரையைப் பார்த்துக்கொண்டு இரண்டு பெயரையும் அடித்தேன். கண் மறைத்ததால் டெஸ்ஸாவின் பெயரை இரண்டு தடவை அடிக்க வேண்டியிருந்தது. எந்தத் தேதியிலிருந்து வேண்டும் என்று கேட்டேன்.

"பழசு இன்னியோட முடியுது. நாளையிலேருந்தே போடுங்க" என்றார். ஒரு அடி எடுத்து வைத்துவிட்டுத் திரும்பி வந்து, கண்ணாடியைத் தட்டினார். "சரியாப் பாத்துப் போடுங்க, ஃப்ராவ் ஹோசாங். நடுவுல ஒரு நாள் விட்டுப் போயிடக் கூடாது. அன்னிக்குன்னு பாத்து அவ கூப்பிட்டுட்டா?"